மெழுகுதிரி நூலில் அளந்த சோபா

முதலில் கையை உள்ளே விடுவாள். சோபாவின் முதுகும் இருக்கையும் சேரும் இடுக்கில், முழங்கை மறையும் வரை. கடைக்கு வரும் மற்றவர்கள் துணியின் பூவைப் பார்ப்பார்கள், கைப்பிடியின் வளைவைத் தடவுவார்கள். றோஸம்மா கூரையைப் பார்த்தபடி உள்ளே துழாவிக்கொண்டிருப்பாள். கை வெறுமையாய் வெளியே வந்ததில்லை. ஒரு கொண்டையூசி, அரைச் சதக் காசு, எந்தத் துரைசானியோ தொலைத்த பொத்தான், அல்லது மெத்தைக்குள் அடைத்த தென்னந்தும்பு ஒரு பிடி. காசும் பொத்தானும் கடைக்காரருக்கு. தும்பை மட்டும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாள்.

"நனஞ்ச தும்பு, நானா. ஒரு மழக்காலம் முழுக்க வெளியில கெடந்திருக்கு."

கட்டுகஸ்தோட்டை வீதியில் பழைய மரச்சாமான் விற்கும் மடவளை தாஸிம் நானாவுக்கு இது பழகிப்போயிருந்தது. தேயிலை விலை விழுந்து துரைமார் சிலர் கப்பலேறிய காலம் அது. பங்களாச் சாமான்கள் வண்டி வண்டியாய் அவர் கடையில் வந்து இறங்கின. சனிக்கிழமை பிற்பகலானால் றோஸம்மாவும் வந்துவிடுவாள். ஆறு மாதத்தில் ஒரு முக்காலிகூட வாங்கியதில்லை.

"வாங்கொ, றோஸம்மா. இண்டைக்கி எந்தச் சோபாவுக்கு வைத்தியம்?" என்று அவர் கேட்பார். வாங்காமல் போகிறாளே என்ற கோபம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவள் எதைக் குற்றம் சொன்னாளோ அதை அடுத்த வாரத்துக்குள் ஆள் வைத்துச் சரிசெய்துவிடுவார். சம்பளம் கொடுக்காமல் இப்படியொரு மேற்பார்வையாளர் யாருக்குக் கிடைப்பார்?

கண்டி ஏரிக்கரையில் ஒரு பெரிய ஹோட்டலின் துணி அறையில் றோஸம்மாவுக்கு இருபத்தொரு வருஷ வேலை. அங்கே முப்பத்தாறு சோபா. எல்லாவற்றுக்கும் கழற்றி மாட்டுகிற உறை. மாதம் ஒருமுறை உரித்தெடுத்து, தோய்த்து, நீலம் போட்டு, இளங்கஞ்சி காட்டி, முழுக்க உலருமுன் மறுபடி மாட்ட வேண்டும். உலரவிட்டால் துணி சுருங்கி உடம்பில் ஏறாது. இழுத்து ஏற்றினால் தையல் வாய் பிளக்கும். இந்தக் கணக்கெல்லாம் அவள் விரலில் இருந்தது. ஹோட்டலுக்கு வந்தவர்கள் சோபாவை உடுத்திய கோலத்தில்தான் கண்டிருப்பார்கள். அவள் ஒவ்வொன்றையும் உரித்த கோலத்தில் அறிவாள். எதற்குக் கால் பிசகியிருக்கிறது, எதன் வயிற்றில் சுருள்கம்பி அறுந்து சாக்கு வைத்துக் கட்டியிருக்கிறது என்று கேட்டால் கோயில் மன்றாட்டு மாலை போல் வரிசையாய்ச் சொல்வாள்.

"மேல் சட்டைய பாத்து மயங்கிராதீங்க. உள்ள எலும்பு எப்பிடின்னு கேளுங்க" என்பது அவள் வாயில் அடிக்கடி வருகிற பேச்சு. சோபாவைப் பற்றித்தான் சொல்வாள். கேட்கிறவர்கள்தான் அக்கம்பக்கத்து ஆட்களை நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. காலையும் மாலையும் கூடங்களைச் சுற்றி வந்து, யாரோ உட்கார்ந்து எழுந்த குழிகளைத் தட்டி, துணியை இழுத்து, ஓரத்தைச் செருகி, ஒருவரும் உட்காராதது போல் ஆக்கிவிட வேண்டும். இருபத்தொரு வருஷத்தில் அது கையோடு ஒட்டிப்போயிற்று. பூசை முடிந்து முழந்தாட்படியிட்ட மெத்தையை விட்டு எழுந்ததும் அதைத் தட்டுவாள். பஸ்ஸை விட்டு இறங்குமுன் இருக்கையைத் தடவிவிட்டு இறங்குவாள். அடுத்த வீட்டு அங்கம்மா அவள் பாயைத் தட்டுவதைப் பார்த்து, "ஏன் றோசு, ஒக்காந்தது தெரிஞ்சா என்னவாம்?" என்று கேட்டிருக்கிறாள். அந்த முப்பத்தாறு சோபாவில் ஒன்றிலும் அவள் உட்கார்ந்ததில்லை. வேலைக்காரர் உட்காரக் கூடாது என்பது ஹோட்டல் சட்டம்.

ஆகவே தாஸிம் நானா கடையில் உட்காருவாள். நடுவில் அல்ல, ஓரத்தில். நடுவில் உட்கார்ந்தால் எந்தச் சோபாவும் நல்ல பிள்ளைதான், ஓரத்தில்தான் அதன் குணம் தெரியும் என்பாள். செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லும் நேரம் அசையாமல் இருப்பாள். பிறகு எழுந்து முன்கால் ஒன்றை ஒரு சாண் தூக்கிப் பார்ப்பாள். மற்ற முன்காலும் கூடவே எழுந்தால் சட்டம் நல்ல சட்டம். அது தரையிலேயே சோம்பிக் கிடந்தால் முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவாள். கடைசியாக மடியிலிருந்து ஒரு நூலை எடுப்பாள். பழுப்பேறிய பருத்தி நூல், நடுவில் இரண்டு முடிச்சு. அதைக் காலோரம் தொங்கவிட்டு, இருக்கைக்கும் தரைக்கும் இடையே அளப்பாள். இல்லையென்று தலையை ஆட்டுவாள். போய்விடுவாள்.

அந்த நூல் அவள் கணவர் சுவக்கினின் அளவு.

சுவக்கின் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைப் பெட்டி அடித்தவர். மூன்று வருஷத்துக்கு முன், மழை நாளில் பலகைக் கட்டோடு படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு நொறுங்கவில்லை, ஆனால் பழையபடி ஆகவும் இல்லை. அதுவரை றோஸம்மா ஹோட்டலில் தங்கி, லீவு நாளில் மட்டும் தோட்டத்துக்குப் போய்வந்தாள். அதன் பிறகு குடும்பம் கண்டி மகியாவையில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்துவிட்டது. அவரால் சுவரோடு சாய்ந்து நிற்க முடியும். படுக்க முடியும். வாங்கிலோ மரக் கதிரையிலோ தரையிலோ உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்துவிடும். ஆரம்பத்தில் பார்க்க வந்தவர்கள் குனிந்து நின்று பேசினார்கள். படுத்திருந்தபடி அண்ணாந்து பதில் சொல்வது அவருக்குப் பிடிக்கவில்லை. யாரும் வருகிற சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்ப் படுத்து, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்ளப் பழகினார். றோஸம்மாவுக்குத் தெரியும். தூங்குகிற மனுஷன் அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு தூங்க மாட்டான்.

விழுந்த அந்த வருஷம் அவள் வஹாக்கோட்டை அந்தோனியாருக்கு ஆளுயர மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். பாயில் கிடந்தவரை உச்சந்தலையிலிருந்து கால் வரை நூலால் அளந்து, இடுப்புக்கு ஒரு முடிச்சு, முழங்காலுக்கு ஒரு முடிச்சு போட்டு, அந்த நீளத்துக்குத் திரி வார்ப்பித்து ஏற்றிவிட்டு வந்தாள். நூலை வீசவில்லை. பிறகு சோபா என்ற எண்ணம் வந்தபோது, ஹோட்டல் அளவு நாடாவைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவக்கின் ஒரே பேச்சில் தட்டிவிட்டார்.

"என்ன, சவப்பெட்டிக்கு அளவா? நானே பெட்டிக்காரன். என்னைய அளக்காத."

ஆகவே பழைய நூலை எடுத்தாள். நாடா பொய் சொன்னாலும் அந்தோனியாருக்குக் கொடுத்த அளவு பொய் சொல்லாது என்று நம்பினாள்.

ஆறு மாதமாய் நிதானமாய்த் தேடியவளுக்கு அந்தத் தபசுகாலத்தில் அவசரம் வந்தது. மகள் மார்கிரட்டைப் பெண் கேட்டு பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் யாகப்பர் வீட்டார் ஆள் அனுப்பியிருந்தார்கள். உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு கழிந்த இரண்டாம் ஞாயிறு நேரில் வந்து பேச்சை முடிப்பதாகச் செய்தி. அன்று இரவுச் சாப்பாட்டின்போது சுவக்கின் சுவரோடு நின்றபடியே சொன்னார்.

"நீயும் ஒன் அண்ணனும் பேசி முடிச்சிருங்க. நான் உள்ள படுத்துக்கிறேன். ஒடம்புக்கு முடியலைன்னு சொல்லிரு."

"நீங்க இல்லாம எம்மகளுக்குச் சம்மதம் சொல்ல ஒருத்தரும் இல்ல," என்றாள் றோஸம்மா. குரல் உயரவில்லை. மார்கிரட் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை தாய்க்குத் துணையாக மகளும் கடைக்குப் போனாள். வாசலிலேயே அவள் கால் நின்றுவிட்டது. அங்கே நீலப் பூச் சீத்தைத் துணியில் புது உறை போட்டு, முதுகு அன்னக் கழுத்துபோல் வளைந்து, ஒரு சோபா மினுங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, இது எவ்வளவு வடிவா இருக்கு!"

றோஸம்மா உறையின் கீழ்ப் பாவாடையைத் தூக்கிக் காட்டினாள். பின்கால் ஒன்றில் வெடிப்பு, அதில் மெழுகு அடைத்து நிறம் பூசியிருந்தது. கைப்பிடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினாள். தரையில் மஞ்சள் பொடி உதிர்ந்தது.

"உளுப் பூச்சி. நானா, இது ஒங்க வேலையா, வித்தவங்க வேலையா?"

"அல்லாவே, எனக்கும் இப்பதான் தெரியிது," என்றார் தாஸிம். முகத்தைப் பார்த்தால் உண்மைபோலத்தான் இருந்தது. "பொறத்தால ஒண்டு ஈக்கிது. நீங்க பாக்க மாட்டீங்கண்டு காட்டல்ல. பார்வைக்குச் செரியில்ல."

கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் அது நின்றது. மேல்தோல் கிழிந்து, தும்பு எட்டிப் பார்த்து, ஒரு பக்கம் நாய் கடித்த அடையாளத்தோடு. மார்கிரட் மூக்கைப் பொத்திக்கொண்டாள். றோஸம்மா கையை விட்டாள். தும்பு காய்ந்திருந்தது. தட்டினாள், பொடி இல்லை. முன்காலைத் தூக்கினாள், மற்றக் காலும் சேர்ந்தெழுந்தது. பழைய தேக்கு. இருக்கைக்கு அடியில் இழுத்துக் கட்டிய நாடாக்கள் இறுக்கமாய் இருந்தன. முதுகு நிமிர்ந்தும் இல்லை, சரிந்தும் இல்லை. ஓரத்தில் உட்கார்ந்து பத்து மணி சொன்னாள். பிறகு இன்னொரு பத்து. தாஸிம் இரண்டு முறை இருமிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் எழுந்து நூலைத் தொங்கவிட்டாள். முழங்கால் முடிச்சு இருக்கையின் விளிம்பில் நிற்க, நூல் நுனி தரையைத் தொட்டது.

"இதான்," என்றாள். அவள் கண் கலங்கியதை மகள் பார்த்தாள்.

"அம்மா, அவங்க முன்னால இத எப்பிடிம்மா போடுறது?"

"நீ எலும்ப பாரு. சட்டைய நான் பாத்துக்கிறேன்."

விலை பதினான்கு ரூபாய். தாஸிம் இரண்டைக் குறைத்துவிட்டு, மாட்டு வண்டியும் தானே பிடித்துக் கொடுத்தார்.

சட்டைக்கான துணி ஏற்கெனவே அவளிடம் இருந்தது. ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்துத் திரைகளை மாற்றியபோது, கழித்த திரைகள் நான்கைத் துணி அறைக்குப் பொறுப்பான நோனா அவளுக்குக் கொடுத்திருந்தாள். பாலாடை நிறத்தில் பச்சைக் கொடி ஓடும் நல்ல கனத்த துணி. வெயில் பட்ட ஓரங்கள் மட்டும் வெளிறியிருந்தன. அவற்றைச் சுவர்ப்பக்கம் வரும்படி வைத்தாள். வெட்டுமுன் மூன்று தரம் வெந்நீரில் போட்டெடுத்தாள், சுருங்குவதெல்லாம் இப்போதே சுருங்கித் தொலையட்டும் என்று. வெளிர் துணி அழுக்காகுமே என்றாள் அங்கம்மா. "அழுக்காகட்டும். இருட்டுத் துணி அழுக்க மறைச்சு வச்சுக்கும், இது காட்டிக் குடுத்துரும். கழட்டித் தோச்சிறலாமே," என்றாள் றோஸம்மா. வேலை விட்டு வந்து, சாயங்கால வெளிச்சம் இருக்கும் வரை தைத்தாள். ஓரமெல்லாம் உள்ளே கயிறு வைத்து, துணிப் பொத்தான் கட்டி, பாவாடைக்கு நான்கு மூலையிலும் மடிப்பு விட்டு. பாஸ்குவுக்கு முந்திய வாரம் மாட்டினாள். மார்கிரட் கதவடியில் நின்று பார்த்துவிட்டு ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பத்தடி விறாந்தையே வேறாகிவிட்டிருந்தது.

நல்ல நாள் வரட்டும் என்று காத்திருந்து, பாஸ்கு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சுவக்கினைக் கூட்டிவந்து சுவரோர மூலையில் உட்கார வைத்தார்கள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். முதுகு சாய்ந்தது. கால்கள் தரைக்கு வரவில்லை.

நான்கு விரல் உயரத்தில் இரண்டு பாதமும் தொங்கின. தொங்கும் காலின் பாரம் இடுப்பை இழுத்தது. அவர் உதட்டைக் கடித்து, "பரவால்ல. நல்லாத்தான் இருக்கு," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

றோஸம்மாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. நூலை எடுத்து, தரையில் முழந்தாளிட்டு, அவர் முழங்காலில் முடிச்சை வைத்துத் தொங்கவிட்டாள். நுனி குதிகாலைத் தாண்டிக் கீழே போனது. அப்போதுதான் பொறி தட்டியது. மெழுகுதிரிக்கு அளந்த அன்று அவர் படுத்திருந்தார். பாதம் முன்னால் நீண்டு கிடந்தது. அவள் உச்சந்தலையிலிருந்து பெருவிரல் நுனி வரை அளந்திருந்தாள். அந்தோனியாருக்கு ஒரு விரல்கூடக் குறையக் கூடாதென்று. உட்காருகிற மனுஷன் பெருவிரல் நுனியிலா நிற்கிறான்? முப்பத்தாறு சோபாவை விரல் நுனியில் வைத்திருந்தவள் சொந்தப் புருஷன் காலை அளக்கத் தெரியாமல் போனாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. புனிதர்மேலும் கோபம் வந்தது.

"அந்தோனியாரே, ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?" என்றாள் வாய்விட்டே.

காலுக்குக் கீழே ஒரு பலகை வைக்கலாம் என்றாள் மார்கிரட். சுவக்கின் தலையசைத்தார். "வந்தவங்க முன்னால பலகையில காலத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்கார நான் என்ன துரையா?" தொங்கும் தன் காலையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். ரொம்ப நாளாய் அவரிடம் காணாத பார்வை அது.

"றோசு. அந்த நாடாவ எடுத்தா."

அவள் நம்பாமல் பார்த்தாள்.

"எடுத்தா புள்ள. குதிகாலுக்குக் கீழ எவ்வளவுன்னு அளந்து சொல்லு. பெட்டிப் பலகை அறுத்த வாளு எங்க?"

வாள் மூன்று வருஷமாய்ச் சாக்குக்குள் கிடந்தது. தாயும் மகளும் சோபாவைக் கவிழ்த்து இரண்டு தேயிலைப் பெட்டிகள்மேல் கிடத்தினார்கள். இடுப்புக்கும் சுவருக்கும் நடுவே தலையணையை வைத்துக்கொண்டு, சுவக்கின் நின்றபடியே அறுத்தார். ஒரு காலை அறுத்ததும் போய்ப் படுப்பார். மறுநாள் அடுத்த கால். "ஒரு மயிரிழை பிசகினாலும் பெட்டியில ஈயத்தாள் கிழிஞ்சிரும். இது எம்மாத்திரம்," என்று மரத்தூளை ஊதியபடி தனக்குள் சொல்லிக்கொண்டார். நான்காம் நாள் சோபாவை நிமிர்த்தி, இருக்கையின்மேல் பலகையும் பலகைமேல் தண்ணீர்த் தட்டும் வைத்துப் பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கமும் சாயவில்லை.

இப்போது உறையின் பாவாடை நான்கு விரல் நீளமாகித் தரையில் புரண்டது. வெட்டிவிடலாமே என்றாள் மகள். றோஸம்மா வெட்டவில்லை. சுற்றிவர ஒரே அளவில் உள்ளே மடித்துத் தைத்தாள். மடிப்பு ஒன்று கூடியதில் துணி முன்னையிலும் எடுப்பாய் விழுந்தது.

யாகப்பர் வீட்டார் சொன்ன ஞாயிறு வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி மகியாவை ஏற்றத்தில் மூச்சு வாங்க நடந்து, ஐந்து பேர். யாகப்பர் பெரிய உடம்புக்காரர். சோபாவில் சுவக்கினுக்குப் பக்கத்தில் அவர் அமர்ந்தபோது றோஸம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தேக்கு முனகக்கூட இல்லை. அவள் பார்த்தது விருந்தாளிகளை அல்ல, கணவரின் பாதங்களை. இரண்டும் தரையில் பரவி, உள்ளங்கால் முழுக்கப் பதிந்திருந்தன.

தேத்தண்ணீர் வந்தது, கேக் வந்தது. பேச்சு தேயிலை விலைக்கும், கோயில் திருநாளுக்கும், யாகப்பரின் கடைக்கும் போய்வந்தது. நடுவில் அவர் கைப்பிடியின் துணியைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல சோபா. கொழும்புச் சாமானுங்களா?"

"பழசுதாங்க," என்றார் சுவக்கின். "கால நான் அறுத்தேன். சட்ட அவ தச்சா."

யாகப்பர் திரும்பி றோஸம்மாவைப் பார்த்தார், பிறகு மார்கிரட்டை. அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வந்த காரியத்தைச் சொல்லி, "ஒங்க சம்மதம் வேணும்," என்றார். எல்லாரும் சுவக்கினைப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்திருந்து, யாகப்பருக்குச் சரிமட்டத்தில் முகம் பார்த்து, "சரிங்க. எங்களுக்குச் சம்மதம்," என்றார். அந்தக் குரலை றோஸம்மா மூன்று வருஷமாய்க் கேட்டிருக்கவில்லை.

சுவக்கின் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர்கள் விடைபெற்றுப் படியிறங்கிய பிறகுதான், "கொஞ்சம் சாயுறேன் புள்ள," என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மார்கிரட் வாசலில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தாள். வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

றோஸம்மாவின் கை தன் வேலையைத் தானே ஆரம்பித்தது. இடது மூலையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தாள். யாகப்பர் அமர்ந்த பெரிய குழியை இரண்டு கையாலும் அடித்து எழுப்பி, துணியை இழுத்து, சுருக்கம் நீக்கினாள். அடுத்தது சுவக்கின் இருந்த சுவரோர மூலை. சிறிய குழி, கைப்பிடிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தாற்போல். தட்ட ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அதை மெல்ல இறக்கி, குழிக்கு வெளியே நழுவியிருந்த உறையின் ஓரத்தை மட்டும் ஒரு விரலால் உள்ளே செருகிவிட்டு, தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுக்கப் போனாள்.